மணல்கரையின் பொதுக்கிணறு: உச்சமுனையும் புத்தளத்து மக்கள் முயற்சிகளும்

புத்தளம் மாவட்டக் கரையில், கல்பிட்டிக்கு வடக்கே நீளும் மணல்திட்டுகளில் ஒன்று உச்சமுனை. ஒருபுறம் திறந்த கடல், மறுபுறம் டச்சுக்குடா. ஒல்லாந்தர் 1667 முதல் 1676 வரை கட்டிய கோட்டை கல்பிட்டியில் இன்றும் நிற்கிறது. ஆனால் இக்கரையின் வரலாறு கோட்டைச் சுவருக்குள் அடங்கியதன்று. அதில் பெரும்பகுதி மீனவர் வாடிகளிலும் பள்ளிவாசல் முற்றங்களிலும் கோயில் வளவுகளிலும் நடந்தது. அரசு எட்டிப் பார்க்காத இடங்களில் மக்கள் தாமே கூடிச் செய்த வேலைகளும், பின்னர் அரசிடமே கேட்ட கேள்விகளும் அந்த வரலாற்றின் இரு பகுதிகள்.

கூடிச் செய்யும் பழக்கத்தை இக்கரையின் இயற்கையே வளர்த்தது. மணலுக்கடியில் உள்ள நன்னீர், உப்பு நீரின் மேல் ஒரு மெல்லிய படலமாகவே மிதக்கிறது. ஒரு வீட்டார் அளவுக்கு மேல் இறைத்தால் அடுத்த வீட்டுக் கிணறும் உவர்த்துவிடும். ஆகவே இங்கே கிணறு தனிச்சொத்தாக இருந்தாலும் தண்ணீர் பொதுவானதே. கரைவலையும் அப்படித்தான். தோணி வலையை வளைத்துப் போட்டு வந்ததும், இரு முனைக் கயிற்றையும் கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்க வேண்டும். அதற்கு ஆட்கள் வேண்டும். வேலியில்லாத அகன்ற கரையும் வேண்டும். சோளகக் காற்றுக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது தொழிலாளர் புத்தளம் களப்புக்குள் ஒதுங்குவர், அல்லது வேறு கரைக்குப் பெயர்வர். தனித்து வாழ இடம் தராத தொழில் இது.

இந்தப் பழக்கத்துக்கு இலங்கையில் வழங்கும் பெயர் சிரமதானம்: உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. 1958 இல் கொழும்பு நாலந்தாக் கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்ன தம் மாணவரை ஒதுக்கப்பட்ட சாதியினர் வாழ்ந்த கனதொலுவ கிராமத்துக்கு அழைத்துச் சென்று முகாம் நடத்தினார். அதிலிருந்து பிறந்த சர்வோதய இயக்கம் இச்சொல்லை நாடெங்கும் பரப்பியது. வீதி திருத்துவது, கிணறு துப்புரவாக்குவது, பாடசாலை வளவைச் சீர்செய்வது எல்லாம் இன்று தமிழிலும் சிரமதானமே. இக்கரையில் அந்த வேலைக்கு ஆள் திரட்டும் அமைப்புகள் ஏற்கெனவே இருந்தன: முஸ்லிம்களின் பள்ளிவாசல் ஜமாஅத், கத்தோலிக்கரின் பங்குச் சபை, மீனவர் கூட்டுறவுச் சங்கம்.

அந்த அமைப்புகளுக்குப் பெரும் சோதனை 1990 ஒக்டோபர் கடைசியில் வந்தது. விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். ஏறத்தாழ 75,000 பேர் வீடிழந்தனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கல்பிட்டிக் கரையில் வந்திறங்கினர். புத்தளத்து மக்கள் அரசின் கட்டளைக்குக் காத்திருக்கவில்லை. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறந்துவிடப்பட்டன. வீடுகளில் சோறு சமைத்துக் கொடுக்கப்பட்டது. தென்னந்தோப்புகளில் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. சில வாரங்களுக்கென்று தொடங்கிய விருந்தோம்பல் பல ஆண்டுகள் நீண்டது. கல்பிட்டி, புத்தளம், முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய பிரிவுகளில் கிணற்று நீரும் வகுப்பறை இருக்கையும் கூலி வேலையும் பங்கிடப்பட்டன. அதில் உரசல்களும் எழுந்தன. ஆயினும் வறிய ஊர்கள் தம்மிடமிருந்த கொஞ்சத்தைப் பகிர்ந்துகொண்ட இச்செயல் இலங்கைத் தன்னார்வப் பணி வரலாற்றில் உயர்ந்த இடம் பெறத் தக்கது.

உள்நாட்டுப் போரின் கடைசி ஆண்டுகளில் சோதனை வேறு வடிவில் வந்தது. கல்பிட்டியின் 14 தீவுகளை உள்ளடக்கிய சுற்றுலாத் திட்டம் ஒன்றை அரசு முன்வைத்தது. தலைமுறைகளாகக் குடியிருந்தும் பலரிடம் உறுதிப் பத்திரம் இல்லை. ஆதலால் அவர்கள் மிதித்த மண் ஏட்டில் அரச காணியாகவே இருந்தது. விடுதி வேலி கடற்கரைவரை வந்தால் வலை இழுக்கவும் மீன் காயவைக்கவும் தோணி ஏற்றவும் இடமிராது. இதை எடுத்துச்சொல்ல மீனவர் சங்கங்கள் கூட்டம் கூடின, மகஜர் கையளித்தன, தேசிய மீனவர் ஒத்துழைப்பு இயக்கம் துணை நின்றது. சிரமதானத்தில் பழகிய கூட்டு, உரிமை கேட்கும் கூட்டாக மாறியது இந்தக் கட்டத்தில்தான்.

அடுத்த போராட்டம் களப்பின் கிழக்குக் கரையில் எழுந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்பையடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தனர். அதையடுத்து, தலைநகரக் குப்பையைச் சுமார் 170 கிலோமீட்டர் ரயிலில் கொண்டுவந்து, புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டிய அருவக்காலு நிலத்தில் புதைக்கும் திட்டம் விரைவுபடுத்தப்பட்டது. வில்பத்துக் காடு அருகில். களப்பு அதைவிட அருகில். குப்பையிலிருந்து கசியும் நீர் நிலத்தடி நீரிலும் இறால், மீன் வளரும் களப்பிலும் கலக்கும் என்று மக்கள் அஞ்சினர். ‘கிளீன் புத்தளம்’ என்ற இயக்கம் உருவாகி, 2018 செப்டெம்பர் இறுதியில் நகரில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது நூறு நாளைத் தாண்டியது. முஸ்லிம், கத்தோலிக்க, பௌத்த, இந்து மக்கள் ஒரே பந்தலில் அமர்ந்தனர். 2019 மார்ச்சில் அவர்களின் குரல் கொழும்புவரை சென்றது.

திட்டம் கைவிடப்படவில்லை. 2019 ஓகஸ்டில் லொறிகளில் முதல் குப்பை அருவக்காலு நிலத்துக்கு வந்தது; ஒக்டோபரில் அங்கே வெடிப்பு நிகழ்ந்தது. மக்கள் எழுப்பிய அச்சம் கற்பனையல்ல என்று அது காட்டியது. ஒரு நகரின் கழிவை எந்த ஊர் சுமப்பது, அதை யாரைக் கேட்டு முடிவுசெய்வது என்ற கேள்வியையும் புத்தளம் நாட்டின் முன் வைத்துவிட்டது.

உச்சமுனையின் மணல் கிணற்றுக்கும் புத்தளம் நகரின் சத்தியாக்கிரகப் பந்தலுக்கும் நடுவே களப்பு கிடக்கிறது. இரண்டையும் இணைப்பது ஒரே விதி: தண்ணீர் பொதுவாக இருக்கும் இடத்தில் அதைத் துப்புரவாக்கும் கடமையும் பொது, அதைக் காக்கக் கேட்கும் உரிமையும் பொது.