காட்சிக்கு எட்டாத கெண்டை

சிகாகோவின் கழிவுநீர்க் கால்வாய் 1900ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. மிச்சிகன் ஏரியின் குடிநீரில் கழிவு கலவாதிருக்க, அது ஆற்றின் போக்கையே திருப்பிவிட்டது. மிசிசிப்பி ஆற்றையும் பேரேரிகளையும் அகன்றதொரு நீர்வழியால் இணைத்தும் விட்டது. குளத்துப் பாசியைக் குறைப்பதற்கென 1970களில் ஆசியாவிலிருந்து தென்மாநிலங்களுக்குக் கொணரப்பட்ட வெள்ளிக் கெண்டையும் பெருந்தலைக் கெண்டையும் ஆறுகளுக்குள் தப்பிப் பெருகி, வடக்கே நகர்ந்தன. 2002 முதல் கால்வாயில் மின்தடுப்பு இயங்கிற்று. அதனைக் கடந்த மீன் ஒன்றிரண்டு உண்டா என்பதே வினா.

மீன் தன் சளியிலும் கழிவிலும் உயிரணுக்களை நீரில் உதிர்க்கிறது. அவற்றிலுள்ள டிஎன்ஏ சிதையுமுன் நீரை முகந்து வடிகட்டி, ஓர் இனத்துக்கே உரிய சிறு துண்டைப் பலமடங்கு பெருக்கினால் அவ்வினத்தின் சுவடு புலப்படும். பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள் குளநீரைக் கொண்டே அமெரிக்கத் தவளையினம் ஒன்றைக் கண்டறிந்ததை 2008இல் வெளியிட்டனர். (இதனைச் 'சூழல் மரபணு' என எழுதுவோர் உளர். மரபணு என்பது டிஎன்ஏவின் ஒரு பகுதியே ஆதலின், 'சூழல் டிஎன்ஏ' என்பதையே நாம் கொள்வோம்.)

நோட்டர் டேம் பல்கலைக்கழகக் குழு 2009இல் தடுப்பின் ஏரிப்பக்கத்து நீரில் அக்கெண்டைகளின் டிஎன்ஏவைக் கண்டது. டிசம்பரில், தடுப்பைப் பராமரிக்க வேண்டியிருந்தமையால், அதன் மறுபக்கத்து நீரில் நச்சு கலந்தனர். செத்து மிதந்த மீன்கள் டன் கணக்கில். அவற்றுள் தேடிய கெண்டை ஒன்றே ஒன்று. மடைகளை அடைக்கக் கோரி மிச்சிகன் மாநிலம் உச்சநீதிமன்றம் சென்றது. உடனடித் தடையை நீதிமன்றம் மறுத்தது.

மீனைக் காட்டுக என்றனர் ஐயுற்றோர். மணிமேகலை கற்பிக்கும் ஆசிரியர்க்கு இவ்வழக்கு புதிதன்று. காட்சியும் கருதலும் அங்கு அளவைகளாக எண்ணப்படுகின்றன. புகை கண்டு நெருப்பைக் கருதலாம். நெருப்பின்றிப் புகை தோன்றாது. மீனின்றி அதன் டிஎன்ஏவும் தோன்றாது. ஆயின் புகை காற்றில் நெடுந்தொலைவு செல்லும். மீனை உண்ட பறவையின் எச்சமும் படகின் அடிப்புறமும் டிஎன்ஏவைச் சுமக்கவல்லன. ஒரு குவளை நீர், மீன் எங்கோ உண்டு என்னும். இங்கே, இப்போது, உயிருடன் உண்டு என்னாது. அதனை உரைக்க மீண்டும் மீண்டும் அதே இடத்து நீர் வேண்டும். அவ்வாறிருந்தும், ஐயுற்றோர் வெறும் வலையைச் சான்றாகக் காட்டியதை நாம் ஏற்பதற்கில்லை. வலையில் இல்லை என்பது நீரில் இல்லை என்பதாகாது.

2010 ஜூன் மாதம், மிச்சிகன் ஏரிக்கு ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கலுமெட் ஏரியில், தடுப்புக்கு அப்பால், பெருந்தலைக் கெண்டை ஒன்று வலையிற் சிக்கியது. காட்சி கிட்டிவிட்டது. அம்மீன் தடுப்பைக் கடந்து நீந்தி வந்ததா, எவரேனும் கொணர்ந்து விட்டனரா என்ற வழக்கு உடனே தொடங்கிற்று.