பூச்சொரியும் வேனில்: சமயபுரமும் நாராவும்

வேனில் விழா என்றதும் மன்மதனும் குயிலும் தென்றலும்தான் நம் நினைவுக்கு வரும். திருச்சிச் சீமைக்கு அதில் பழைய பாத்தியதை உண்டு. இறையனார் களவியல் உரை, ஊர்தோறும் பேர்பெற்ற விழாக்களைச் சொல்லும்போது உறையூருக்கு உரியதாகப் பங்குனி உத்திரத்தைச் சொல்கிறது. உறையூர் முதுகூத்தனார் பாடிய 137ஆம் அகப்பாட்டு, பங்குனி விழா முடிந்த மறுநாள் அரங்கத்தில் தீயின்றிக் கிடக்கும் அடுப்புகளைக் காட்டுகிறது. அந்த அரங்கத்தில், நம் ஸ்ரீரங்கத்தில், இன்றும் நம்பெருமாளும் ரங்கநாயகித் தாயாரும் ஆண்டுக்கு ஒரே நாள், அதே பங்குனி உத்திரத்தன்று, சேர்த்தி சேவை சாதிக்கிறார்கள்.

இது வேனிலின் களிப்பு. அதன் அச்சத்தையும் அறிய வேண்டுமானால் கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரம் போக வேண்டும். தைப்பூசத்துக்கு ஆற்றங்கரைக்கு எழுந்தருளும் மாரியம்மனுக்கு அண்ணன் அரங்கனிடமிருந்து சீர்வரிசை வருவது வழக்கம். ஆகவே இரண்டு கரைகளும் உறவுக்காரக் கரைகள்தான். பனி விலகி வெயில் ஏறும் மாசி, பங்குனியில்தான் பூக்களும் பெருகுகின்றன. வீட்டுக்கு வீடு அம்மையும் போடுகிறது. “ஆத்தா வந்திருக்கா” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லி, வாசலில் வேப்பிலை செருகி, சமையலில் தாளிப்பதை நிறுத்திவிடுவார்கள் நம் வீட்டுப் பெண்கள்.

மாசி மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூச்சொரிதல் தொடங்குகிறது. அன்று பொன்மலையிலிருந்தும் பாலக்கரையிலிருந்தும் உறையூரிலிருந்தும் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்தும் பூத்தட்டுகளும் கூடைகளும் சமயபுரம் நோக்கிக் கிளம்பும். மின்விளக்கு அலங்காரத்தில் அம்மன் படம் வைத்த வண்டிகள் விடிய விடியச் சாலையில் ஊர்ந்துகொண்டிருக்கும். ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையில் அந்த வாரம் கால் வைக்க இடம் இருக்காது. தட்டில் மல்லிகை, செவ்வந்தி, அரளி எல்லாம் அடுக்கியிருந்தாலும் மேலே ஒரு கொத்து வேப்பிலை கட்டாயம் இருக்கும். சமயபுரத்து மூலவர் சுதைத் திருமேனி; அபிஷேகமெல்லாம் உற்சவருக்குத்தான். குடம் குடமாய் நீர் வார்க்க முடியாத திருமேனியைக் குளிர்விக்கப் பூவைவிட ஏற்றது எது? பூச்சொரிதல் இந்தத் தலத்தில் இவ்வளவு பெருகியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அன்று தொடங்கி 28 நாள் அம்மனுக்குப் பச்சைப் பட்டினி விரதம். மற்ற ஊர்களில் பக்தர்கள் தெய்வத்துக்காக நோன்பு இருப்பார்கள். இங்கே மக்களுக்காகத் தாய் இருக்கிறாள். அந்த நாட்களில் தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர், கரும்பு, பழம் இவைதான் நைவேத்தியம். இந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். அடுப்பில் ஏறியது, எண்ணெய் பட்டது என்று ஒன்றும் இல்லை. பெரும்பாலும் அம்மை போட்ட பிள்ளைக்கு நம் பாட்டிமார் கொடுத்த ஆகாரமே இது. நோயைத் தருபவளாகவும் தணிப்பவளாகவும் நாம் கருதும் தெய்வம், நோயாளியின் பத்தியத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறாள். இதைவிட நெருக்கமாக ஒரு தெய்வம் மனிதரிடம் வர முடியுமா?

இதே வேனில் அச்சத்தை ஜப்பானிலும் காண்கிறோம். அந்நாட்டு வேனிலைச் செர்ரிப் பூவின் அடியில் பாய் விரித்து அமரும் உல்லாசமாகவே நாம் அறிந்திருக்கிறோம். ஆனால் அந்தப் பூ உதிரும்போது நோய்த் தெய்வங்களும் காற்றோடு பரவுகின்றன என்று அவர்களின் முன்னோர் அஞ்சினார்கள். நாரா அருகே ஓமிவா ஆலயத்தில் ஏப்ரல் 18 அன்று அவற்றைச் சாந்தப்படுத்தும் பூச்சடங்கு நடக்கிறது. 701இன் தைஹோ சட்டத்தொகுப்பே இதை அரசுச் சடங்குகளில் ஒன்றாக வகுத்தது. ஓமிவாத் தெய்வமான ஓமோனோநுஷியே முன்னொரு காலத்தில் கொள்ளைநோயை அனுப்பியது என்றும், முறையாக வழிபட்டதும் நோய் அடங்கியது என்றும் அவர்களுடைய பழங்கதை சொல்லும். நம் மாரியின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

கியோட்டோவின் இமமியா ஆலயத்தில் ஏப்ரல் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை யசுராய் விழா. செர்ரியும் கமேலியாவும் செருகிய பெரிய குடை தெருத்தெருவாக வரும். அதன் நிழலில் நுழைந்து வெளிவந்தால் அந்த ஆண்டு நோய் அண்டாது என்று கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் ஓடிவருவார்கள். செந்நிற முடி தரித்த ஆட்டக்காரர்கள் முரசும் தாளமும் முழங்க ஆடுவார்கள்.

சமயபுரத்து நோன்போடு என் மனம் சேர்த்துப் பார்ப்பது நாராவின் தோதாய்ஜி பௌத்தக் கோயிலைத்தான். 735 முதல் 737 வரை ஜப்பானைப் பெரியம்மை சூறையாடியது. அரசவையை ஆட்டிவைத்த ஃபுஜிவாரா சகோதரர் நால்வரும் 737இல் ஒருவர்பின் ஒருவராக மாண்டார்கள். அந்தத் துயரங்களின் பின்னணியில்தான் 743இல் ஷோமு பேரரசர் பெரிய புத்தரை வார்க்கச் சங்கற்பம் செய்தார். அங்கே 752இல் தொடங்கிய நோன்பு விழா இன்றுவரை ஓராண்டும் விடுபட்டதில்லை. மார்ச் 1 முதல் 14 வரை 11 துறவிகள் உலகத்தார் பிழைகளையெல்லாம் தம் பிழையாக ஏற்று, பதினொரு முகக் கன்னோன் என்னும் கருணைத் தெய்வத்தின் முன் மன்னிப்புக் கேட்கிறார்கள். பகலில் ஒருவேளைதான் உணவு. அதன்பின் இரவு வழிபாடு முடியும்வரை தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. சன்னிதியில் வைக்கும் கமேலியாப் பூக்களைச் சிவப்பும் வெள்ளையுமாகக் காகிதத்தில் அவர்களே செய்து, நிஜமான கமேலியாக் கிளைகளில் பொருத்துகிறார்கள். இந்த விழா முடிந்தால்தான் வேனில் வரும் என்பது நாரா மக்களின் வழக்குச் சொல். பிறருக்காகப் பட்டினி கிடப்பதும் பூ வைப்பதும் அங்கும் ஒன்றாகவே வருகின்றன. ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு இது போயிருக்கும் என்று நான் வாதாடவில்லை. நோய்க்கு முன் நின்ற தாய் தந்தையரின் மனம் இரண்டு இடத்திலும் ஒன்றுபோல் வேலை செய்திருக்கிறது.

பெரியம்மை 1975இல் இந்தியாவை விட்டுப் போனது. 1980இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதனால் பூச்சொரிதல் மங்கவில்லை. சின்னம்மை இன்னும் பங்குனி வெயிலோடு வந்துகொண்டுதான் இருக்கிறது. அம்மைக்கு வேண்டிக்கொண்ட குடும்பங்கள் இப்போது எல்லா நோய்க்கும் வேண்டிக்கொள்கின்றன. ஓமிவாவிலும் அப்படியே: தெய்வத்தின் முன் காட்டுக்கொடிப் பூவும் லில்லிக் கிழங்கும் மூலிகைகளாக வைக்கப்படும் அதே சடங்கில், மருந்து நிறுவனங்கள் தங்கள் மாத்திரைப் பெட்டிகளையும் புட்டிகளையும் கொண்டுவந்து படைக்கின்றன.