கஞ்சா–நிகோட்டின் கூட்டு அடிமைத்தனத்தில் மனநலக் கோளாறுகள்

கஞ்சாவுக்கும் நிகோட்டினுக்கும் ஒருசேர அடிமையானவர்களிடம் காணப்படும் மனச்சோர்வு, பதற்றம், உறக்கக் கோளாறு, மனப்பிறழ்வு முதலியன. பீடி, சிகரெட் தூளில் கஞ்சாவைக் கலந்து புகைக்கும் வழக்கம் இரு பழக்கங்களையும் பிணைக்கிறது. ஒன்றை விட்டவரை மற்றது மீண்டும் இழுப்பதுண்டு. எரிச்சலும் தூக்கமின்மையும் இரண்டின் விடுபடு அறிகுறிகளுமாதலால் நோயறிதல் எளிதன்று. இளவயதுப் பயன்பாடும் குடும்பத்தில் மனச்சிதைவு வரலாறும் மனப்பிறழ்வு அபாயத்தைக் கூட்டும்.

புகையிலைப் புகை கல்லீரல் நொதியைத் தூண்டி மனப்பிறழ்வுக்குத் தரப்படும் குளோசபின், ஓலன்சபின் மருந்துகளின் இரத்த அளவைக் குறைக்கும். புகைப்பதைத் திடீரென நிறுத்தினால் அந்த அளவு ஏறும்; மருந்தளவைத் திருத்துவது அப்போது இன்றியமையாதது.

சிகிச்சைக்குச் சென்னையின் எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம் வட்டாரத்தினர் ஸ்டான்லி அரசு மருத்துவமனையையோ, 1794இல் தொடங்கிய காப்பகத்திலிருந்து வளர்ந்த கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையையோ நாடலாம். தொலைபேசி ஆலோசனைக்கு 'டெலி மானஸ்' எண் 14416. கஞ்சா வைத்திருப்பதும் பயன்படுத்துவதும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி குற்றம். பீடியோ பெட்டிக்கடையிலேயே கிடைக்கும்.