கமுகு மட்டையின் வழி

கமுகு, அதாவது பாக்கு மரத்தில் மட்டையை யாரும் வெட்டி எடுப்பதில்லை. பழுத்த ஓலையின் அடிப்பகுதி தண்டை உறைபோல இறுகச் சுற்றியிருக்கும். காலம் வந்ததும் தானே கழன்று விழும். கழன்ற இடத்தில் மரத்துக்கு ஒரு வளையத் தழும்பு மிஞ்சும், உள்ளே மூடிக் கிடந்த பூம்பாளை வெளியே வரும். ஒரு மரம் ஆண்டுக்கு ஐந்து முதல் ஏழு மட்டை வரை உதிர்க்கும். சந்தையில் எவ்வளவு கிராக்கி ஏறினாலும் மரம் அதற்கு மேல் தராது. இந்த மட்டையில் செய்யும் தட்டைப் பற்றி எதைப் பேசினாலும் இந்த எண்ணிக்கையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்திலும் ஆத்தூர்ப் பக்கத்திலும் தோப்பில் விழுந்த மட்டை முன்பெல்லாம் மரத்தடியிலேயே மக்கியது; விசிறியானது, அடுப்புக்குப் போனது. தட்சிண கன்னடத்தில் உழவர்கள் அதை மடித்துத் தொப்பியாக்கிக்கொண்டார்கள். நறுக்கினால் மாட்டுத் தீவனமும் ஆகும். அதைக் காசு கொடுத்து வாங்க ஆள் வந்ததற்குப் பின்னால் சட்டங்களும் இருக்கின்றன. தமிழ்நாடு 2018 ஜூன் 5 அன்று அறிவித்த பிளாஸ்டிக் தடை 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பிளாஸ்டிக் தட்டும், சாப்பாட்டு மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2021 ஜூலையிலும், இந்திய அரசு 2022 ஜூலை 1 அன்றும் பிளாஸ்டிக் தட்டுக்குத் தடை போட்டன.

மட்டை தட்டாவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் கவனம் வேண்டும். வெயில் காலத்தில் பொறுக்கிக் காயவைத்து அடுக்கி வைக்க வேண்டும். மழையில் நனைந்த மட்டையில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும், பிறகு அது எதற்கும் ஆகாது. பட்டறையில் நீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரம் வடியவிட்டு, சூடேற்றிய அச்சுக்கு நடுவே வைத்து அழுத்துகிறார்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. வெந்த நார் வளைந்த வடிவத்திலேயே இறுகிவிடும். பசையும் இல்லை, மெழுகுப் பூச்சும் இல்லை. எனக்கு இந்தத் தட்டின் மேல் இருக்கும் மதிப்புக்கு இதுவே காரணம். காகிதக் கப்பின் உட்புறம் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கிறது. சோள மாவிலிருந்து செய்யும் பிஎல்ஏ கப்போ, ஏறக்குறைய 60 டிகிரி வெப்பம் நிலைக்கும் உரக்கூடம் இல்லாமல் எளிதில் மக்காது. மட்டைக்கு ஈரமும் மண்ணும் போதும்.

தட்டு கப்பல் ஏறியது. அமெரிக்காவில் அதற்கு ஒரு தடையும் எதிர்ப்பட்டது. பாக்கில் இருக்கும் அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் மட்டையிலிருந்து உணவில் கலக்கலாம் என்று கூறி, 2025 மே மாதம் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தத் தட்டுகளின் இறக்குமதியை நிறுத்திவைக்க உத்தரவிட்டது. சிறு பட்டறைக்காரர்களுக்கு இது பெரிய அடி. ஆனாலும் இதைச் சதி என்று ஒதுக்குவது சரியல்ல. சூடான சாம்பாரும் ரசமும் ஊற்றி நாமும்தான் அதில் சாப்பிடுகிறோம். மட்டையிலிருந்து உணவுக்கு எவ்வளவு இறங்குகிறது, கழுவலிலும் சூட்டிலும் எவ்வளவு குறைகிறது என்று இங்கேயே முறையாகச் சோதித்து, முடிவை எல்லோரும் பார்க்க வெளியிட வேண்டும். இயற்கையாக விளைந்தது என்ற ஒரே காரணத்துக்காக எதையும் பாதுகாப்பானது என்று நம்பிவிட முடியாது.

பயணத்தின் கடைசிக் கட்டம்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கல்யாணப் பந்தி முடிந்ததும் மட்டைத் தட்டும் தண்ணீர் பாட்டிலும் ஐஸ்கிரீம் கப்பும் ஒரே கறுப்புப் பையில் போகின்றன. சென்னையில் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குகள் இப்படிக் கலந்த குப்பையால் மேடாக உயர்ந்தவை. காற்றுப் புகாத குப்பைக்குள் அழுகும் எந்தத் தாவரப் பொருளும் மீத்தேனை வெளியிடும், மட்டையும் அப்படித்தான். ஆண்டுக்கு ஆறு மட்டை தரும் மரத்திடமிருந்து ஒன்றை வாங்கி, அரை மணி நேரம் சாப்பிட்டு, மண்ணுக்கும் திருப்பித் தராமல் இருக்கிறோம். அதைத் தோப்பிலேயே விட்டிருந்தால் மரத்துக்காவது உரமாகியிருக்கும்.

பெருமளவில் குப்பை சேரும் இடங்கள் மக்கும் குப்பையைப் பிரித்து, இயன்றவரை தங்கள் வளாகத்திலேயே உரமாக்க வேண்டும் என்று 2016-இன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுக்கும்போது ஏசி உண்டா, ஜெனரேட்டர் உண்டா என்று விசாரிக்கிறோம். எச்சில் தட்டு எங்கே போகும் என்பதையும் அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். கிழித்துப் போட்டு, சாணக் கரைசல் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால், மட்டை சில மாதங்களில் எருவாகிவிடும்.