ஓவர்க்ளாக் பண்ணப் போறீங்களா? முதல்ல திரும்பி வர்ற வழியைக் கத்துக்கோங்க!

சென்னையில கேமிங் பிசி ஆன் ஆகலைன்னா ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு வண்டியை எடுத்துடலாம். அதே பிரச்னை ஜவ்வாது மலையில, ஜமுனாமரத்தூர்ல வந்தா? கேபினெட்டைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு, வளைவு வளைவா மலை இறங்கி போளூரோ திருப்பத்தூரோ போகணும். அங்கேயும் அந்த பார்ட் இருக்கும்னு உறுதியில்லை. ஒரு வருஷ சேமிப்பைப் போட்டு வீட்டிலேயே அசெம்பிள் பண்ணின பிசியை முதல்முறையா ஓவர்க்ளாக் பண்ற யாருக்கும், அவங்க எந்த ஊர்ல இருந்தாலும், இந்த மலைக்காரரோட ஜாக்கிரதை வேணும்.

ஓவர்க்ளாக்கிங்னா என்ன? கம்பெனி நிர்ணயிச்ச வேகத்துக்கு மேல பிராசஸரையோ, ரேமையோ, கிராஃபிக்ஸ் கார்டையோ ஓட்ட வைக்கிறது. வேகத்தைக் கூட்டினா சிப் தடுமாறும். தடுமாறாம இருக்க வோல்டேஜைக் கூட்டணும். சிக்கல் அங்கதான் ஆரம்பிக்குது. சிப் சாப்பிடுற மின்சாரம் வேகத்தோட நேராகவும், வோல்டேஜோட இருமடியாகவும் ஏறும். வோல்டேஜை 10 சதவிகிதம் கூட்டினாலே 21 சதவிகிதம் கூடுதல் மின்சாரம். வேகத்தையும் 10 சதவிகிதம் கூட்டினா மொத்தம் 33 சதவிகிதம். இது அத்தனையும் வெப்பமாத்தான் வெளியே வரும். இவ்வளவு கொடுத்தும் கேம்ல 10 சதவிகிதம் ஃபிரேம் கூடுமான்னா, பெரும்பாலும் கூடாது. ஏன்னா, பல கேம்கள்ல வேகத்தைத் தடுக்கிறது பிராசஸர் இல்லை, கிராஃபிக்ஸ் கார்டுதான்.

வெப்பத்தோட மல்லுக்கட்டுறதுல ஜவ்வாது மலைக்கு ஓவர்க்ளாக்கர்களைவிட மூத்த ஆட்கள் உண்டு. காவலூர்ல இருக்கிற வைணு பாப்பு வானாய்வகத்துல, 1986-ல திறக்கப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கு. அதுல படம்பிடிக்கிற சிசிடி சென்சாரை திரவ நைட்ரஜன் ஊத்திக் குளிர வைப்பாங்க. சென்சார் சூடா இருந்தா, அந்தச் சூட்டாலேயே எலக்ட்ரான்கள் கிளம்பி, இல்லாத வெளிச்சத்தை இருக்கிற மாதிரி காட்டும். ஓவர்க்ளாக்கிங் சாதனையாளர்கள் சிப் மேல ஊத்துறதும் அதே மைனஸ் 196 டிகிரி நைட்ரஜன்தான். 2022 டிசம்பர்ல இன்டெல் கோர் ஐ9 13900கே சிப்பை 9 கிகாஹெர்ட்ஸுக்கு மேல ஓட்டினப்போ, அதைவிடக் குளிரான திரவ ஹீலியத்துக்கே போனாங்க. சில விநாடி சாதனைக்கு அது சரி. நம்ம வீட்டு பிசிக்கு ஃபேனும் ஹீட்சிங்க்கும்தான்.

மலையில இருக்கிறவங்களுக்கு இதுல இயற்கையாவே ஒரு லாபம். அறை வெப்பம் 10 டிகிரி குறைஞ்சா, அதே வேலைக்கு சிப்போட வெப்பமும் கிட்டத்தட்ட 10 டிகிரி குறையும். ஆனா இதுல ஒரு ஏமாற்றும் இருக்கு. மார்கழி ராத்திரியில டெஸ்ட் பண்ணி ‘ஸ்டேபிள்’னு முடிவெடுத்த செட்டிங், சித்திரை மதியத்துல கிராஷ் ஆகும். அப்போ விண்டோஸையும் டிரைவரையும் திட்டிக்கிட்டு இருப்போம். குளிர்காலத்துல டெஸ்ட் பண்றீங்கன்னா, வெயில்காலத்துக்குன்னு 10, 15 டிகிரி இடம் விட்டு வைங்க.

எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

ரேம்ல இருந்து. ‘3200’னு எழுதின ரேமை வாங்கி மாட்டியிருப்பீங்க. பல போர்டுகள்ல அது 2133-லேயோ 2400-லேயோ அமைதியா ஓடிக்கிட்டிருக்கும். பயாஸுக்குள்ள போய் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை ஆன் பண்ணினாத்தான் காசு கொடுத்த வேகம் வரும். ரைசன் 5 5600ஜி மாதிரி தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பிசின்னா இது ரொம்பவே முக்கியம். கிராஃபிக்ஸுக்கும் அதே ரேம்தான் தீனி. ஒரே 16 ஜிபி ஸ்டிக்குக்குப் பதிலா ரெண்டு 8 ஜிபி ஸ்டிக் போட்டாலே கேம்ல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். என்னைக் கேட்டா, புதுசா வர்ற பாதிப்பேர் இங்கேயே நிறுத்திக்கலாம். ஒரு விஷயம், இதையும் கம்பெனிகள் ஓவர்க்ளாக்கிங் கணக்குலதான் வெச்சிருக்காங்க. அதனால சிப் கெட்டுச்சுன்னா வாரன்ட்டி கிடைக்காம போகலாம்.

அடுத்தது பிராசஸர். இன்டெல்ல ‘கே’ எழுத்து இருக்கிற சிப்பும் ‘இசட்’ வரிசை போர்டும் வேணும். ரைசன்ல பெரும்பாலான சிப்கள் திறந்தே இருக்கும். ஆனா ‘ஏ’ வரிசை போர்டுகள்ல இந்த வசதி கிடையாது. ரைசன்காரங்க வேகத்தை நேரடியா ஏத்துறதைவிட, பிபிஓ-வுக்குள்ள இருக்கிற கர்வ் ஆப்டிமைஸர்ல மைனஸ் 10 போட்டுப் பாருங்க. வோல்டேஜ் குறையும், சூடு குறையும், அந்த மிச்சத்துல சிப் தானாவே கொஞ்சம் வேகமா ஓடும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஆஃப்டர்பர்னர் மாதிரி சாஃப்ட்வேர்ல 25 மெகாஹெர்ட்ஸ் 25 மெகாஹெர்ட்ஸா ஏத்துங்க. ஸ்க்ரீன்ல புள்ளிகளோ கோடுகளோ தெரிஞ்சா ரெண்டு படி இறங்கிடுங்க.

வோல்டேஜ் விஷயத்துல வீரம் வேண்டாம். இன்டெல்லோட 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்கள் ஓவர்க்ளாக் பண்ணாமலேயே கிராஷ் ஆகி, 2024-ல அது பெரிய பிரச்னையாச்சு. தேவைக்கு அதிகமான வோல்டேஜ் சிப்பைத் தேய்ச்சதுதான் காரணம்னு கம்பெனியே ஒப்புக்கிட்டு, புது மைக்ரோகோட் கொடுத்து, வாரன்ட்டியையும் ரெண்டு வருஷம் நீட்டிச்சுது. அந்தச் சிப் வெச்சிருந்தா, மத்த எல்லாத்துக்கும் முன்னாடி பயாஸை அப்டேட் பண்ணுங்க. மலையில இருந்தா அதுக்கு முன்னாடி யுபிஎஸ் இருக்கான்னு பாருங்க. பயாஸ் அப்டேட் நடுவுல கரன்ட் போனா போர்டே செங்கல்தான்!

கரன்ட்டைப் பத்தி இன்னும் ஒண்ணு. பாறை மண்ணுல எர்த் சரியா இறங்காது. வயரிங் பண்ணினவர்கிட்ட எர்த்தை அளந்து பார்க்கச் சொல்லுங்க. மழை இடிக்கும்போது பிளக்கையும் நெட் கேபிளையும் கழற்றி வெச்சுடுங்க. லைட், ஃபேனுக்குப் போட்ட ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல கேமிங் பிசியை ஓட்டாதீங்க.

டிஸ்ப்ளே வரலையா?

பதறாதீங்க. முதல்ல மானிட்டர் கேபிள் கிராஃபிக்ஸ் கார்டுல சொருகியிருக்கா, இல்ல மதர்போர்டுலயான்னு பாருங்க. சிரிக்காதீங்க, நிறைய பேர் மாட்டுறது இங்கதான். அடுத்து, பிராசஸருக்குப் பக்கத்துல இருக்கிற 8 பின் பவர் கேபிள். அப்புறம் ரேமைக் கழற்றி, ஒரே ஒரு ஸ்டிக்கை மட்டும், பிராசஸர்ல இருந்து ரெண்டாவது ஸ்லாட்ல ‘க்ளிக்’ சத்தம் வர்ற வரை அழுத்துங்க. போர்டுல சின்ன லைட்டுகள் இருந்தா, எந்த லைட்ல நிக்குதுன்னு பாருங்க. சிபியூ, டிராம், விஜிஏ, பூட்னு பக்கத்துலயே எழுதியிருக்கும். டிடிஆர்5 பிசின்னா எக்ஸ்போ ஆன் பண்ணினதும் சில நிமிஷம் கறுப்பாவே நிக்கலாம். ரேமைப் பழக்கிக்கிட்டிருக்கும். நடுவுல ஆஃப் பண்ணாதீங்க.

அப்பவும் வரலைன்னா, தலைப்புல சொன்ன அந்த வழிதான். பவர் கேபிளைப் பிடுங்கிட்டு, போர்டுல இருக்கிற சி.ஆர் 2032 பட்டன் பேட்டரியைக் கழற்றி, கேபினெட் பவர் பட்டனை ஒருதடவை அழுத்திட்டு, அஞ்சு நிமிஷம் கழிச்சு மாட்டுங்க. பயாஸ் செட்டிங் எல்லாம் பழையபடி ஆயிடும். இதை ஓவர்க்ளாக் பண்றதுக்கு முன்னாடியே, பிசி நல்லா ஓடும்போதே ஒருமுறை செஞ்சு பழகுங்க. கிராஃபிக்ஸ் கார்டு பேட்டரியை மறைச்சுக்கிட்டிருக்கான்னு அப்பவே தெரிஞ்சுடும்.

ஆன் ஆகி, கேம் நடுவுல கிராஷ் ஆகுதுன்னா எல்லா ஓவர்க்ளாக்கையும் எடுத்துட்டு அதே கேமை ஓட்டுங்க. அப்பவும் கிராஷ் ஆச்சுன்னா குற்றவாளி வேற. மெம்டெஸ்ட்ல ரேமை ராத்திரி முழுக்க ஓட விடுங்க. ஒரு எரர் வந்தாலும் ரேமோ அதோட செட்டிங்கோ சரியில்லைன்னு அர்த்தம். ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம்தான் பண்ணணும். பண்ணினதை ஒரு நோட்டுல எழுதி வைங்க. பயாஸ் ஸ்க்ரீனை போன்ல போட்டோ எடுத்தாலும் போதும்.

என் முதல் பிசி, கேம் ஓபன் பண்ணின ரெண்டாவது நிமிஷமே 95 டிகிரிக்குப் போச்சு. ஓவர்க்ளாக்கை எடுத்தேன், வோல்டேஜைக் குறைச்சேன், கூடுதலா ஒரு ஃபேன் வாங்கினேன், பேஸ்ட்டையும் சந்தேகப்பட்டேன். நாலாவது நாள் கூலரைக் கழற்றினா, அடியில ஒட்டியிருந்த பிளாஸ்டிக் ஸ்டிக்கரை நான் உரிக்கவே இல்லை. ‘மாட்டுவதற்கு முன் அகற்றவும்’னு அதுலயே எழுதியிருந்துச்சு.