பஞ்சி பிடித்தவன் பாயமாட்டான்: ஒரு தீவு, ஒரு கொடி, ஒரு பெப்ரவரி

விடுமுறை முடிந்து வந்த முதல் நாள். தரம் பத்தில் ஒரு பிள்ளை, தன் மாமா வெளிநாட்டில் பாலமொன்றிலிருந்து காலில் கயிறு கட்டிக்கொண்டு தலைகீழாகக் குதித்த கதையைச் சொன்னான். "அதுக்குப் பேரு பஞ்சி ஜம்பிங் டீச்சர்" என்றான். பின்வாங்கிலிருந்து உடனே ஒரு குரல்: "பஞ்சி பிடிச்சவன் எப்பிடிடா பாய்வான்?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். (இந்தியாவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு: எங்கள் ஊரில் பஞ்சி என்றால் சோம்பல்.)

பிறகு ஒருத்தி கேட்டாள், இதை முதல் முதலாகக் கண்டுபிடித்தது யார் என்று. போன வருடம் யாராவது கேட்டிருந்தால் நியூசிலாந்துக்காரர் என்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போயிருப்பேன். இந்த விடுமுறையில் அதைப் பற்றிக் கொஞ்சம் வாசித்திருந்தேன். அந்தப் பாடவேளை முழுவதும் இதிலேயே போய்விட்டது. அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென் பசிபிக்கில் வனுவாட்டு என்று ஒரு நாடு. 1980இல்தான் சுதந்திரம் கிடைத்தது. அதற்கு முன் நியூ ஹெப்ரைட்ஸ் என்ற பெயரில் பிரித்தானியரும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து ஆண்டார்கள். அதிலுள்ள ஒரு தீவுதான் பெந்தகோஸ்ட். 1768இல் பூகன்வில் என்ற பிரெஞ்சு மாலுமி கிறிஸ்தவர்களின் பெந்தகோஸ்து நாளில் அதைக் கண்டாராம், பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. அங்கே இருந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. இலங்கையைச் 'சிலோன்' ஆக்கினவர்களும் எங்களிடம் கேட்கவில்லைதானே.

அந்தத் தீவின் தெற்கே வாழும் சா மொழி பேசும் மக்கள் வருடா வருடம் ஒரு கோபுரம் கட்டுவார்கள். இருபது முப்பது மீற்றர் உயரம். ஒரு ஆணி கிடையாது. காட்டு மரத்தை வெட்டி, கொடியால் வரிந்து வரிந்து எழுப்புவார்கள். எங்கள் சேனைக்காரர்கள் யானைக்குக் காவல் இருக்கக் கட்டும் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப்போல ஐந்தாறு மடங்கு உயரம், பல தட்டுகள். ஒவ்வொரு தட்டிலிருந்தும் ஒரு ஆண், இரண்டு கணுக்காலிலும் கொடி கட்டிக்கொண்டு தலைகீழாகப் பாய்வான். கீழே தண்ணீர் இல்லை, வலை இல்லை, மண்தான். அந்த மண்ணை மட்டும் கொத்திக் கிளறி மெதுவாக்கி வைத்திருப்பார்கள். தோளோ தலையோ மண்ணை மெல்ல உரசினால்தான் பாய்ச்சல் நல்ல பாய்ச்சல். அப்படி உரசினால் அடுத்த போகம் கிழங்கு நன்றாக விளையும் என்பது அவர்கள் நம்பிக்கை. அந்தக் கிழங்கு வேறு எதுவுமில்லை, நாங்கள் கூழ் காய்ச்சும் இராசவள்ளியின் இனம்தான்.

கரும்பலகையில் கணக்குப் போட்டோம். இருபது மீற்றர், ஈர்ப்பு ஆர்முடுகல் பத்து என்று வைத்தால் இரண்டு செக்கனில் கீழே. வேகம் செக்கனுக்கு இருபது மீற்றர், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர். பஸ் ஒன்று கொழும்பு வீதியில் பறக்கிற வேகம். அதைக் கொடி பிடித்து நிறுத்த வேண்டும். இரப்பர் கயிறு இழுபட்டு இழுபட்டு வேகத்தைக் குறைக்கும், கொடி அவ்வளவு இழுபடாது. அப்படியென்றால் இடுப்பு முறியாமல் எப்படித் தப்புகிறார்கள்?

எனக்குப் பிடித்த இடம் இதுதான். பாய்கிறவன் நிற்கிற தட்டை உடையும்படியாகவே கட்டுகிறார்கள். கொடி இறுகுகிற அந்தக் கணத்தில் தட்டைத் தாங்கும் கம்புகள் முறிந்து தட்டு கீழே சரியும், அதிர்ச்சியில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். விற்றராசையும் ஹூக்கின் விதியையும் பார்த்திராத மக்கள் இதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கொடியை ஒவ்வொருவனின் நிறைக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி பெரியவர்கள் கண்ணால் பார்த்தே தெரிவார்கள், அளவுகோல் கிடையாது. கொடி பச்சையாக, நீரேறி, வளைந்து கொடுக்கிற பருவத்தில் இருக்க வேண்டும். அந்தப் பருவம் ஏப்ரல் முதல் ஜூன் வரை. இந்த மாதக் கணக்கை மறந்துவிடாதீர்கள், திரும்ப வரும்.

சிறுவர்கள் சுன்னத்துச் செய்த பிறகுதான் பாயலாம், ஏழெட்டு வயதில், கீழ்த்தட்டிலிருந்து. (வகுப்பில் ஆண் பிள்ளைகள் இந்த இடத்தில் கப்சிப்.) மகன் முதல் தடவை பாயும்போது தாய் அவன் குழந்தையாக இருந்தபோது பிடித்துக்கொண்டிருந்த ஒரு துணித்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவன் பாய்ந்து எழுந்ததும் அதை எறிந்துவிடுவாள். குழந்தைப்பருவம் முடிந்தது என்று அர்த்தம்.

பெண்கள் பாய்வதில்லை, கோபுரத்துக்குக் கிட்டப் போகவும் கூடாது. ஆனால் இதைத் தொடக்கியதே ஒரு பெண் என்றுதான் அவர்கள் கதை சொல்கிறது. கணவனின் தொல்லை தாங்காமல் ஓடிய ஒருத்தி ஆலமரத்தில் ஏறினாள். அவனும் பின்னாலேயே ஏறினான். அவள் காலில் கொடியைக் கட்டிக்கொண்டு குதித்துத் தப்பினாள், கொடி கட்டாமல் குதித்த அவன் செத்தான். இனி எந்தப் பெண்ணும் தங்களை இப்படி ஏமாற்றக் கூடாது என்று ஆண்கள் பழகத் தொடங்கினார்களாம். கதையில் கணவனுக்குப் பெயர் இருக்கிறது, தமாலியே. அவளை 'தமாலியேயின் மனைவி' என்றுதான் சொல்கிறார்கள். என் வகுப்புப் பெண் பிள்ளைகள் இதை விடவில்லை, பத்து நிமிடம் இதிலேயே போனது.

சரி, அந்த மாதக் கணக்குக்கு வருவோம்.

1974 பெப்ரவரியில் எலிசபெத் மகாராணி அந்தத் தீவுகளுக்கு வந்தார். மகாராணிக்குக் காட்ட ஏதாவது வேண்டும். ஆட்சியாளர்கள் இந்தப் பாய்ச்சலைக் காட்டச் சொன்னார்கள். பெப்ரவரி! கொடி இன்னும் பக்குவப்படாத காலம். ஒருவர் பாய்ந்தார். கொடி தாங்கவில்லை. அவர் பிறகு இறந்துபோனார்.

இதை வாசித்த இரவு எனக்கு எங்கள் பொல்லடி அண்ணாவியார்தான் ஞாபகத்துக்கு வந்தார். முன்பு நான் படிப்பித்த ஒரு பாடசாலைக்குப் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார் என்று அவரையும் குழுவையும் கூப்பிட்டிருந்தார்கள். நோன்புக்கு முந்திய கடும் வெயில். பத்து மணிக்கு வருவதாகச் சொன்னவர் ஒன்றரை மணிக்கு வந்தார். எழுபது வயது மனுசன், கம்புகளைக் கையில் பிடித்தபடியே சரிந்து விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி, அதன் பிறகும் ஆடச் சொன்னார்கள். ஆடினார். நானும் வரிசையில் நின்று கை தட்டினேன்.

மிச்சக் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1960இல் பிபிசியில் டேவிட் அட்டன்பரோ இந்தப் பாய்ச்சலைக் காட்டினார். இங்கிலாந்தில் ஒக்ஸ்போர்ட் பட்டதாரிகள் சிலர் 'ஆபத்தான விளையாட்டுக் கழகம்' என்று ஒன்றை வைத்திருந்தார்கள். 1979 ஏப்ரல் 1ஆம் திகதி பிறிஸ்டல் நகரின் கிளிப்டன் தொங்குபாலத்திலிருந்து, சுமார் 76 மீற்றர் உயரம், நான்கு பேர் இரப்பர் கயிற்றோடு குதித்தார்கள். ஒருவர் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டுக்கொண்டு குதித்தார். பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. பணக்காரப் பிள்ளைகளின் ஏப்ரல் பூல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் நவீன பஞ்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அதைப் பார்த்து ஆசைப்பட்டவர்தான் நியூசிலாந்தின் ஏ. ஜே. ஹக்கெட். 1987இல் பாரிஸ் ஈபிள் கோபுரத்திலிருந்து குதித்தார், அங்கும் பொலிஸ். 1988 நவம்பரில் குயின்ஸ்டவுனுக்குப் பக்கத்தில் கவராவ் ஆற்றின் பழைய பாலத்தில், 43 மீற்றர் உயரத்தில், நண்பரோடு சேர்ந்து டிக்கெட் போட்டுத் தொடங்கினார். 75 டொலர். விடுமுறைக்குப் போகிறவர்கள் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள், இன்றைக்கும் நிற்கிறார்கள்.

ஹக்கெட்டை நான் குறை சொல்லமாட்டேன். கயிற்றைச் சோதித்து, நிறை பார்த்து, சாதாரண மனிதர் பாய்ந்துவிட்டு வீட்டுக்குப் போகும்படி செய்தவர். ஆனால் பெந்தகோஸ்ட்காரர்கள் "இது எங்களிடமிருந்து போனது, எங்களுக்கு ஒரு பங்கு வேண்டும்" என்று கேட்டபோது அவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பழக்கத்துக்குக் காப்புரிமை கிடையாது. பொல்லடிக்கும் கிடையாது.

இப்போது அந்தத் தீவுக்கும் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள், சிறிய விமானத்தில், காசு கட்டிப் பார்க்க. பார்க்க மட்டும்தான், வெளியாட்கள் பாய முடியாது. ஏப்ரலிலிருந்து ஜூன் வரைதான் பார்க்கலாம்.

மணி அடித்த பிறகும் ஒரு பையன் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றான். "மகாராணி ரெண்டு மாசம் கழிச்சு வந்திருக்கலாம்தானே டீச்சர்?" என்றான். வரலாம்தான் மகன், என்றேன்.

வியாழக்கிழமை மீள்தன்மைப் பாடம். ஆளுக்கொரு இரப்பர் பட்டியும், வீட்டு வேலியில் படர்ந்திருக்கும் பச்சைக் கொடி ஒரு முழமும், காய்ந்த கொடி ஒரு முழமும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். விற்றராசு ஆய்வுகூடத்தில் ஒன்றுதான் இருக்கிறது. பழைய விற்றராசு யாரிடமாவது சும்மா கிடந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.