இரண்டு பூட்டுப் போட்ட மடக்கு போன்

இன்னைக்கு மடக்கு ஸ்மார்ட்போன் கதை.

2003-ல் மோட்டோரோலா எம்பிஎக்ஸ் 200 வந்தது. பார்க்க மடக்கு போன்தான்; ஆனா உள்ளே விண்டோஸ் ஓடும், மெயில் பார்க்கலாம். புதுச்சேரிக்கு இந்த மாதிரி போன்கள் பிரான்ஸ் சொந்தக்காரங்க பெட்டியிலதான் வந்து இறங்கும். எங்க மாமாவும் ஒண்ணு கொண்டுவந்தார். நம்ம சிம்மைப் போட்டால் வேலை செய்யலை. விற்ற கம்பெனி, தன் சிம்முக்கு மட்டும்னு பூட்டி வெச்சிருந்தது. நேரு வீதிக் கடையில காசு கொடுத்துத் திறந்தோம்.

அடுத்த பூட்டு, சேவையில். புதுச்சேரி தனி யூனியன் பிரதேசம்; ஆனா மொபைல் உரிமத்தில் தமிழ்நாட்டு வட்டம். சென்னையோ தனி வட்டம், மாமல்லபுரம் எக்சேஞ்சும் அதோடு சேர்த்தி. 2003 மே 1 முதல் இன்கமிங் இலவசம். ஆனா ஈசிஆர்ல மாமல்லபுரம் வந்தா ரோமிங். வர்ற அழைப்புக்கும் காசு. கன்னியாகுமரி வரைக்கும் போனாலும் அந்தத் தொல்லை கிடையாது!

2005-ல் சென்னை வட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. பிரெஞ்சு ஆட்சி 1954-லேயே போயிடுச்சு. போனுக்கான எல்லை போக இன்னும் 51 வருஷம் ஆச்சு.